காது சொல்வதும் கருவி சொல்வதும்

தூத்துக்குடிக்கு மேற்கே வாகைக்குளம் விமான நிலையத்தின் ஓடுதளம் நெடுங்காலம் 1,351 மீட்டர் நீளமும் 30 மீட்டர் அகலமுமாகத்தான் இருந்தது. சுழலி பூட்டிய ஏடிஆர் 72 விமானங்களுக்கு அது போதும். ஏர்பஸ், போயிங் ஜெட்டுகளுக்குப் போதாது. 2025 ஜூலை 26 அன்று பிரதமர் புதிய முனையத்தைத் திறந்துவைத்தபோது அந்த ஓடுதளம் 3,115 மீட்டராக நீண்டு, 45 மீட்டராக அகன்றிருந்தது.

அதிலிருந்து கிளம்பிப் பார்க்க இப்போது டிக்கெட் எடுக்க வேண்டியதில்லை. மைக்ரோசாஃப்ட் ஃப்ளைட் சிமுலேட்டர், எக்ஸ்-பிளேன், காசில்லாமல் கிடைக்கும் ஃப்ளைட்கியர் என்று பல மென்பொருள்கள் இருக்கின்றன. நிலையத்தைத் தேடும் இடத்தில் வாகைக்குளத்தின் பன்னாட்டுக் குறியீடான விஓடிகே என்ற நான்கு எழுத்தைத் தட்டினால் விமானம் ஓடுதளத்தின் முனையில் வந்து நிற்கும். கிழக்கு நோக்கிய முனைக்கு 10 என்று பெயர். காந்த ஊசி அங்கே ஏறத்தாழ 100 டிகிரி காட்டும் என்று பொருள். எதிர்முனை 280 டிகிரி, அதனால் 28. பத்தில் கிளம்பி நேரே போனால் சில நிமிடங்களில் உப்பளப் பாத்திகள் தெரியும். பிறகு அனல் மின் நிலையத்தின் புகைபோக்கிகள், கடலுக்குள் தலா சுமார் நான்கு கிலோமீட்டர் நீளத்துக்கு நீண்டு கிடக்கும் துறைமுகத்தின் இரண்டு கற்சுவர்கள், வடக்கே திரும்பினால் வான் தீவு, அதற்கப்பால் மன்னார் வளைகுடாவின் மற்ற தீவுகள். புரூஸ் ஆர்ட்விக் 1979இல் ஆப்பிள் II கணினிக்காக எழுதிய முதல் சிமுலேட்டரில் நிலம் என்பது சில கோடுகள் மட்டும். 2020இல் வந்த பதிப்பு செயற்கைக்கோள் படங்களை விரித்து உலகம் முழுவதையும் தரையாகப் போட்டுவிட்டது.

இந்தப் பொழுதுபோக்கைப் பிள்ளை விளையாட்டு என்று ஒதுக்குகிறவர்கள் உண்டு. இதிலேயே விமானியாகிவிடலாம் என்று நம்புகிறவர்களும் உண்டு. இரண்டுக்கும் நடுவில் நிஜமான ஓர் அறிவியல் கேள்வி இருக்கிறது. திரை முன்னால் ஆண்டுக்கணக்கில் பறந்த ஒருவர் நிஜ விமானத்தில் ஏறி உட்காரும்போது, பழகியதில் எது கூடவே வருகிறது, எது வீட்டிலேயே தங்கிவிடுகிறது? என் பதில் ஒரே வரிதான்: கண் பழகியது வரும், காது பழகாதது வராது. இந்த அத்தியாயம் அந்தக் காதைப் பற்றியது.

முதலில், தரையில் உட்கார்ந்தே பறக்கப் பழகலாம் என்ற யோசனை கணினியை விட மூத்தது. அமெரிக்காவில் பிங்ஹாம்டன் என்ற ஊரில் எட்வின் லிங்க் என்பவரின் அப்பா பியானோவும் ஆர்கனும் செய்யும் தொழிற்சாலை வைத்திருந்தார். ஆர்கன் காற்றில் இயங்குவது. துருத்திகளும் வால்வுகளும்தான் அதன் உயிர். மகனுக்கு விமானப் பைத்தியம், கையில் காசு குறைவு, பயிற்சிக் கட்டணமோ அதிகம். அதே துருத்திகளை ஒரு சின்ன மரப்பெட்டிக்கு அடியில் பொருத்தினார். உள்ளே உட்கார்ந்து கட்டுப்பாட்டுக் கோலை அசைத்தால் பெட்டி சாயும், திரும்பும், மூக்கைத் தூக்கும். 1929இல் அது தயார். பல ஆண்டுகள் பொருட்காட்சிகளில் காசு போட்டு ஏறி ஆடும் சாதனமாகத்தான் அது காலம் தள்ளியது.

1934இல் அமெரிக்க ராணுவ விமானிகளிடம் தபால் விமானங்களை ஓட்டும் வேலை கொடுக்கப்பட்டது. குளிர்கால மேகத்திலும் இரவிலும் கருவிகளை மட்டும் நம்பி ஓட்டிப் பழகாத அவர்களில் பலர் சில வாரங்களிலேயே விழுந்து இறந்தார்கள். லிங்க்கைப் பேச்சுவார்த்தைக்கு அழைத்த நாளில் நியூவார்க் விமான நிலையம் மூடுபனியில் கிடந்தது. இவர் வரப்போவதில்லை என்று அதிகாரிகள் கிளம்பத் தயாராக இருந்தபோது, கருவிகளைப் பார்த்தே ஓட்டி வந்து அவர் இறங்கினார். ராணுவம் ஆறு பெட்டிகளை வாங்கியது. இரண்டாம் உலகப்போர் முடிவதற்குள் அந்த நீலப் பெட்டிகளில் பயின்ற விமானிகள் லட்சக்கணக்கில். லிங்க்கின் பெட்டியில் ஜன்னலுக்கு வெளியே பார்க்க எதுவும் கிடையாது. மேல்மூடியைப் போட்டுவிட்டால் இருட்டு, முன்னால் சில முட்கள். இன்றைய திரைகளின் அழகில் மயங்குகிறவர்கள் இதைக் கொஞ்சம் யோசிக்க வேண்டும். சிமுலேட்டர் முதன்முதலில் உயிர்காத்தது காட்சி காட்டி அல்ல. காட்சி இல்லாதபோது என்ன செய்வது என்று காட்டி.

காட்சி இல்லாமற்போனால் என்ன ஆகும் என்பதை இல்லினாய் பல்கலைக்கழகத்தில் 1954இல் அளந்து பார்த்தார்கள். கருவிகளை நம்பி ஓட்டிப் பழகாத 20 பேரை நிஜ விமானத்தில் ஏற்றி, பக்கத்தில் பயிற்றுநரை உட்காரவைத்து, வெளியே எதுவும் தெரியாதபடி கண்ணை மறைத்து ஓட்டச் சொன்னார்கள். இருபது பேரும் கட்டுப்பாட்டை இழந்தார்கள். சிலருக்கு அரை நிமிடம்கூட ஆகவில்லை. யாரும் எட்டு நிமிடத்தைத் தாண்டவில்லை. சராசரி 178 நொடி. மூன்று நிமிடம்கூட இல்லை. இத்தனைக்கும் அவர்கள் முட்டாள்கள் இல்லை, கைநடுக்கம் உள்ளவர்களும் இல்லை. நம் உடம்புக்குள் இருக்கும் ஓர் உறுப்பை அளவுக்கு மீறி நம்பினார்கள், அவ்வளவுதான்.

அந்த உறுப்பு உட்செவி. கேட்பதற்கென்று ஒரு நத்தை ஓடு போன்ற பகுதி இருக்க, அதற்குப் பக்கத்திலேயே ஒன்றுக்கொன்று குறுக்காக நிற்கும் மூன்று அரைவட்டக் குழல்கள் இருக்கின்றன. உள்ளே திரவம். தலை திரும்பும்போது குழலும் கூடவே திரும்பும், திரவம் பின்தங்கும். அந்த வித்தியாசம் நுண்ணிய உணர்மயிர்களை வளைக்கும். மூளை "திரும்புகிறோம்" என்று அறியும். தண்ணீர் நிறைந்த செம்பைச் சட்டென்று சுழற்றிப் பாருங்கள். முதலில் செம்பு மட்டும் சுற்றும், தண்ணீர் நிற்கும். சுற்றிக்கொண்டே இருந்தால் தண்ணீரும் சேர்ந்து சுற்ற ஆரம்பித்துவிடும். பிறகு செம்பை நிறுத்தினால் தண்ணீர் மட்டும் சுற்றும். காதுக்குள்ளும் அதுவே நடக்கிறது. ஒரே வேகத்தில் பத்திருபது நொடி திரும்பிக்கொண்டே இருந்தால் திரவம் குழலை எட்டிப் பிடித்துவிடும், திரும்புகிற உணர்வு அடங்கிவிடும். விமானம் இன்னும் திரும்பிக்கொண்டுதான் இருக்கும். காது "நேராகப் போகிறோம்" என்று சொல்லும். விமானி நிமிர்த்தினாலோ, காது "எதிர்ப்பக்கம் சாய்கிறோம்" என்று அலறும். அதை நம்பி மறுபடி பழைய பக்கமே சாய்த்தால் மூக்கு கீழிறங்கும், வேகம் ஏறும். பதறிப்போய்க் கோலைப் பின்னால் இழுத்தால் சுற்று இன்னும் இறுகும். இல்லினாயில் ஏறத்தாழ எல்லோரும் இப்படிச் சுழன்று இறங்கியவர்கள்தான்.

வீட்டில் சுழல் நாற்காலி இருந்தால் இதைச் சோதித்துப் பார்க்கலாம். கண்ணை மூடி உட்கார்ந்து, ஒருவரை மெதுவாக, ஒரே சீராகச் சுற்றச் சொல்லுங்கள். எந்தப் பக்கம் சுற்றுகிறதோ அந்தப் பக்கம் கட்டைவிரலைக் காட்டிக்கொண்டே இருங்கள். அரை நிமிடத்துக்குள் விரல் நடுவில் வந்து நிற்கும், நாற்காலி சுற்றிக்கொண்டிருக்கும். நிறுத்தினால் விரல் எதிர்ப்பக்கம் போகும். சுற்றி நிற்பவர்கள் சிரிப்பார்கள். உங்களுக்குச் சந்தேகமே வராது.

காதில் இன்னொரு அமைப்பும் இருக்கிறது. பசைபோன்ற ஒரு படலத்தின் மேல் சுண்ணாம்புத் துகள்கள். தலை சாய்ந்தால் புவியீர்ப்பு அந்தத் துகள்களை ஒரு பக்கம் இழுக்கும், சாய்வு தெரியும். ஆனால் நேராக உட்கார்ந்திருக்கும்போது பேருந்து சட்டென்று வேகமெடுத்தாலும் அதே துகள்கள் அதே மாதிரி பின்னால் நகரும். பின்னால் சாய்ந்ததா, முன்னால் வேகமெடுத்ததா? துகளுக்குத் தெரியாது. தெரிய வழியே இல்லை. முடுக்கமும் ஈர்ப்பும் உள்ளிருப்பவருக்கு ஒன்றே என்று ஐன்ஸ்டைன் 1907இல் கண்டு, அதிலிருந்து புவியீர்ப்புக் கொள்கையையே கட்டினாரே, அந்த உண்மைதான் நம் காதுக்குள் ஒரு குறையாகக் குடியிருக்கிறது. பகலில் கண் வந்து தீர்ப்புச் சொல்லிவிடும். இருட்டில் சொல்ல ஆளில்லை.

கணக்குப் போட்டுப் பார்ப்போம். இறங்க வந்த விமானம் இறங்காமல் முழு விசையோடு மறுபடி மேலேறும்போது, முடுக்கம் புவியீர்ப்பில் ஐந்தில் ஒரு பங்கு என்று வைத்துக்கொண்டால், விமானிக்கு மூக்கு உண்மையைவிடச் சுமார் 11 டிகிரி கூடுதலாகத் தூக்கியிருப்பதாகத் தோன்றும். உடம்பு பயந்து கோலை முன்னே தள்ளச் சொல்லும். தள்ளினால் வேகம் இன்னும் கூடும், பொய் இன்னும் வலுக்கும். 2000 ஆகஸ்ட் 23 இரவு, கெய்ரோவிலிருந்து வந்த கல்ஃப் ஏர் 072 பஹ்ரைனில் இறங்க முடியாமல் மேலே எழும்பியது. முன்னால் விளக்கே இல்லாத கடல். விமானத்தின் மூக்கு தாழ்ந்து அது கடலில் விழுந்து 143 பேர் இறந்தார்கள். விசாரணை அறிக்கை சுட்டிய காரணங்களில் இந்தக் காதின் மயக்கமும் ஒன்று. வளைகுடாவுக்கு வேலைக்குப் போய்வரும் குடும்பங்கள் இந்தக் கடற்கரை நெடுக இருக்கின்றன. இது எங்கோ நடந்த கதை என்று என்னால் எழுத முடியவில்லை.

இனி, பல கோடி ரூபாய் பெறும் பெரிய சிமுலேட்டர் எப்படி வேலை செய்கிறது என்று பாருங்கள். ஹைதராபாதில் இந்தியன் ஏர்லைன்ஸ் நிறுவிய மத்தியப் பயிற்சி மையம் போன்ற இடங்களில், ஆறு கால்கள் மேல் ஒரு விமானி அறை நிற்கும். ஒவ்வொரு காலும் தனித்தனியாக நீளும், சுருங்கும். அறை நகர முடிந்ததெல்லாம் ஓரிரு மீட்டர்தான். அதற்குள் ஓடுதளத்தில் ஒரு கிலோமீட்டருக்கு மேல் ஓடி வேகமெடுக்கும் உணர்வை எப்படிக் கொடுப்பது? அறையை மெல்லப் பின்னால் சாய்ப்பார்கள். காதின் குழல்கள் கண்டுபிடிக்காத அளவுக்கு மெதுவாக. ஜன்னல் திரையில் மட்டும் அடிவானம் நேராகவே இருக்கும், ஓடுதளம் விரைந்து வரும். முதுகு இருக்கையில் அழுந்துகிறது. கண் வேகம் என்கிறது. துகளுக்கோ வித்தியாசம் தெரியாது. மூளை "முடுக்கம்" என்று முடிவுகட்டிவிடும். பஹ்ரைனில் மனிதரைக் கொன்ற அதே குறையை எடுத்து, மனிதருக்குப் பறக்கக் கற்றுக்கொடுக்கும் கருவியாக மாற்றியிருக்கிறார்கள். பொறியியலில் இதைவிட அழகான காரியங்கள் எனக்கு அதிகம் தெரியாது.

வீட்டுச் சிமுலேட்டரிலோ மேசையும் நாற்காலியும் அசையாது. காது பேசாது. அதனால் அங்கே பழகுகிறவர் கருவிகளை மட்டும் நம்பி ஓட்டுவதில் விரைவாகத் தேறிவிடுகிறார். குறுக்கே பேச ஆளில்லையே. சாய்வுகாட்டி, உயரம், வேகம், திசை என்று கண்ணை ஓடவிடும் வரிசை, எந்தக் கட்டத்தில் எந்தச் சரிபார்ப்புப் பட்டியல், கட்டுப்பாட்டுக் கோபுரத்தோடு எந்தச் சொல்லில் பேசுவது என்பதெல்லாம் திரையிலிருந்து வானத்துக்குச் சேதமின்றி வருகின்றன. 2001இல் தொடங்கிய வாட்சிம் என்ற இணைய வலையில் தன்னார்வலர்களே கட்டுப்பாட்டாளர்களாக உட்கார்ந்து குரல்வழி வழிநடத்துகிறார்கள். அதில் பழகியவர் நிஜ வானொலித் தேர்வுக்குப் போகும்போது வாய் உலராது.

கருவிகளை வேண்டுமென்றே பழுதாக்கிப் பார்க்கும் வசதியையும் நான் பெரிதாக மதிக்கிறேன். 1978 ஜனவரி 1 இரவு பம்பாயிலிருந்து துபாய்க்குக் கிளம்பிய ஏர் இந்தியாவின் போயிங் 747 'எம்பரர் அசோகா' கிளம்பிய சிறிது நேரத்தில் பாந்த்ராவுக்கு அப்பால் கடலில் விழுந்தது. 213 பேரும் போனார்கள். வலப்பக்கம் ஒரு திருப்பம் முடித்து நிமிர்ந்த பிறகும் கேப்டன் முன்னாலிருந்த சாய்வுகாட்டி வலப்பக்கச் சாய்வையே காட்டிக்கொண்டிருந்தது. அதைச் சரிசெய்வதாக நினைத்து அவர் இடப்பக்கம் சாய்த்துக்கொண்டே போனார். இருண்ட அரபிக்கடலில் அடிவானம் இல்லை. ஆக, காதையும் நம்பக்கூடாது, ஒரே ஒரு கருவியையும் நம்பக்கூடாது. பக்கத்தில் துணை விமானியின் சாய்வுகாட்டி ஒன்று, நடுவில் மாற்றுக்கருவி ஒன்று. மூன்றையும் ஒப்பிட்டு, பொய் சொல்வது எது என்று சில நொடிகளில் பிரிக்க வேண்டும். அந்தப் பயிற்சியை ஆகாயத்தில் செய்ய முடியாது. மேசையில் நூறு தரம் செய்யலாம், யாரும் சாக மாட்டார்கள்.

காதைப் பற்றிப் பேசும்போது, இந்தக் கரையில் அதைப் பிழைப்புக்காகவே அறிந்தவர்கள் இருந்தார்கள் என்பதைச் சொல்லாமல் போக முடியாது. மன்னார் வளைகுடாவின் முத்துப் பார்களில் அரசு நடத்திய கடைசிக் குளிப்பு 1961இல் முடிந்தது. 1973இல் தூத்துக்குடியில் மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி நிலையத்தின் கே. அழகர்சாமி சிப்பிக்குள் வளர்ப்பு முத்தை உருவாக்கிக் காட்டினார். இயற்கை முத்துக்காக மூச்சடக்கி இறங்கும் காலம் அதற்கு முன்பே ஓய்ந்திருந்தது. பத்துப் பாகம் ஆழம் என்பது சுமார் 18 மீட்டர். காலில் கல்லும் இடுப்பில் கயிறுமாக அவ்வளவு ஆழத்துக்கு இறங்கும்போது, மேலே ஒரு வளிமண்டலமாக இருந்த அழுத்தம் 2.8 ஆகிவிடும். நடுச்செவியில் அடைபட்ட காற்றை நீர் வெளியிலிருந்து நசுக்கும். செவிப்பறை உள்ளே குழியும். மூக்கைப் பிடித்து மூச்சை உள்ளேயே தள்ளி, தொண்டையிலிருந்து நடுச்செவிக்குப் போகும் குழலைத் திறந்துவிடாவிட்டால் வலி தாங்காது. முதல் பத்து மீட்டர்தான் கொடுமை. அதற்குள்ளேயே அழுத்தம் இரட்டிப்பாகிவிடுகிறது.

விமானத்தில் இறங்குவதும் காதைப் பொறுத்தவரை முக்குளிப்புதான். உயரே பறக்கும் ஜெட்டின் உள்ளறை அழுத்தம் ஏறத்தாழ 8,000 அடி மலையுச்சியில் இருப்பதற்குச் சமம், அதாவது முக்கால் வளிமண்டலம். தரை தொடுவதற்குள் அது முழுதாகிவிடும். குளிப்பவர் அரை நிமிடத்துக்குள் சந்திப்பதில் சிறு பங்கை நாம் இருபது நிமிடத்தில் சந்திக்கிறோம்; இருந்தும் குழந்தைகள் அழுகின்றன. சளி பிடித்திருக்கும்போது விமானி பறக்கக்கூடாது என்பது வெறும் சம்பிரதாயம் இல்லை. ஒரு காது திறந்து மற்றது அடைபட்டுப் போனால், அந்த அழுத்த வேறுபாடே அரைவட்டக் குழல்களைக் கலக்கி உலகத்தைச் சுழலவைத்துவிடும். 1965இல் கிளாஸ் லுண்ட்கிரென் இந்தச் சுழற்சியை முக்குளிப்பவர்களிடம் விவரித்தார். விமானிகளிடமும் இதே மயக்கம் உண்டு. நீருக்கும் வானுக்கும் பொதுவான நோய்.

தூத்துக்குடியில் சங்கு குளிக்கும் தொழில் இன்றும் இருக்கிறது. கம்ப்ரசர் காற்றை மூச்சாக இழுத்து ஆழத்தில் நெடுநேரம் வேலை செய்பவரின் ரத்தத்தில் நைட்ரஜன் கரைந்து சேரும். அவர் அதே நாளில் சென்னைக்கு விமானம் ஏறினால், உள்ளறை அழுத்தம் குறையும்போது அது குமிழியாக வெளிப்படலாம்; மூட்டு வலியில் தொடங்கிப் பக்கவாதம் வரை கொண்டுபோய் விடலாம். ஒரே ஒரு முறை இறங்கினால்கூட 12 மணி நேரம், பல முறை அல்லது பல நாள் இறங்கினால் 18 மணி நேரமாவது காத்திருந்துதான் பறக்க வேண்டும் என்பது முக்குளிப்பு மருத்துவத்தின் அறிவுரை. வாகைக்குளத்தில் பெரிய விமானங்கள் வந்து போகும் காலத்தில் இந்த அறிவுரை துறைமுகக் கரையில் தமிழில் எழுதி ஒட்டப்பட வேண்டும் என்பது என் ஆசை.

திரைக்குத் திரும்புவோம். காது பேசாத இடத்தில் பழகியவருக்கு நிஜ விமானத்தில் என்ன குறை வரும்? பயிற்றுநர்கள் முதலில் சொல்வது, பையன் வெளியே பார்க்க மாட்டேன் என்கிறான் என்பதுதான். மேசைத் திரை காட்டுவது கண்ணின் முழுப் பார்வையில் ஒரு துண்டு. அந்தத் துண்டிலும் பாதியைக் கருவிப் பலகை பிடித்துக்கொள்கிறது. ஆகவே கண் முட்களிலேயே ஒட்டிக்கொள்ளும். நிஜத்தில், ஓடுதளத்துக்கு இணையாகப் பறந்து, திரும்பி, மறுபடி திரும்பி இறங்கும் சுற்றில், எப்போது திரும்புவது என்பதைத் தோளுக்குப் பின்னால் ஓடுதளம் எங்கே நிற்கிறது என்று பார்த்துத்தான் தீர்மானிக்கிறோம். திரையில் அதற்கு ஒரு பொத்தானை அழுத்திப் பார்வையைத் திருப்ப வேண்டும். திருப்பும் நொடியில் இட உணர்வே அறுந்துவிடும். வீட்டுப் பயிற்சி பெற்றவர்கள் பலர் கடைசித் திருப்பத்தைத் தவறவிடுவது இதனால்தான்.

அடுத்தது கை. ட்ரிம் என்று ஒரு சிறு சக்கரம் விமானத்தில் உண்டு. வேகமோ விசையோ மாறும்போது கட்டுப்பாட்டுக் கோல் கையை இழுக்கும் அல்லது தள்ளும். அந்தப் பாரம் கையிலிருந்து மறையும் வரை சக்கரத்தைத் திருப்ப வேண்டும். விரல் நுனியில் நடக்கும் உரையாடல் அது. வீட்டு ஜாய்ஸ்டிக்கில் இருப்பது ஒரு ஸ்பிரிங். அது எப்போதும் நடுவுக்கே திரும்பும், காற்றின் பாரம் எதையும் சொல்லாது. எனவே வீட்டில் பழகியவர் ட்ரிம்மைக் கண்ணால் செய்கிறார்: மூக்கு இறங்குகிறதா, ஒரு சொடுக்கு, ஏறுகிறதா, இன்னொரு சொடுக்கு. நிஜ விமானத்தில் ஏறியதும் கோலை இறுகப் பிடித்துக்கொண்டு, கை வலிக்க வலிக்க ஓட்டுவார். இதை ஒருவர் மறந்து புதிதாகக் கற்பதற்கு, ஒன்றும் தெரியாதவர் கற்பதைவிடக் கூடுதல் நேரம் ஆகலாம்.

பிறகு கால். தூத்துக்குடிக் கடலோடிகள் கச்சான் என்று சொல்லும் காற்று, தென்மேற்குப் பருவத்தில் மலைக் கணவாய்கள் வழியாக இறங்கிச் சமவெளியில் வீசி அடிக்கும். கயத்தாறு வட்டாரத்தில் காற்றாலைகள் நிற்பது அதை நம்பித்தான். மேற்கு நோக்கிய 28ஆம் ஓடுதளத்தில் இறங்குகிறோம் என்று வையுங்கள். காற்று 240 டிகிரியிலிருந்து 25 நாட். நேரெதிரே வருவதற்கும் அதற்கும் 40 டிகிரி வித்தியாசம். எதிர்க்காற்றாக 19 நாட் கிடைக்கும், அது நல்லது. குறுக்கே தள்ளுவது 16 நாட். இறங்கும் வேகம் 110 நாட் என்றால், நேர்க்கோட்டில் போவதற்கே மூக்கைக் காற்றின் பக்கம் எட்டு டிகிரிக்கு மேல் திருப்பி, நண்டு போல் பக்கவாட்டில் வர வேண்டும். தரை தொடும் நேரத்தில் காலால் ரட்டர் பெடலை மிதித்து மூக்கை ஓடுதளத்துக்கு நேராக்கி, அதே நொடியில் கையால் காற்றுப் பக்கத்து இறக்கையைச் சற்றுத் தாழ்த்திப் பிடிக்க வேண்டும். காலும் கையும் எதிரெதிராக வேலை செய்யும் அந்த மூன்று நான்கு நொடியில், பக்கவாட்டில் நழுவுவதை முதலில் சொல்வது இருக்கையில் பதிந்த உடம்பு. மேசை நாற்காலி அதைச் சொல்லாது. பெடலே வாங்காமல், அந்த வேலையை மென்பொருளிடம் விட்டுவிட்டுப் பறக்கிறவர்கள் பலர். அவர்களுக்குக் கால் என்று ஒன்று விமானத்தில் தேவை என்பதே புதுச் செய்தி.

கண்ணும் முழுக்க யோக்கியம் இல்லை. ஓடுதளம் 30 மீட்டர் அகலம் என்று பழகிய கண்ணுக்கு 45 மீட்டர் அகலமானது வந்தால், இருக்கும் உயரத்தைவிடத் தாழ்வாக வந்துவிட்டோம் என்று தோன்றும். மூக்கைச் சீக்கிரமே தூக்கிவிட்டு, தரை இன்னும் கீழே இருப்பது தெரியாமல் பொத்தென்று விழவைக்கும். வாகைக்குளத்தின் பழைய ஓடுதளத்தையும் புதியதையும் திரையில் மாறி மாறி இறங்கிப் பார்ப்பது இதற்கு நல்ல பாடம்.

இரவிலோ இன்னொரு மயக்கம் உண்டு. 1960களில் போயிங் 727 விமானங்கள் சில, தெளிவான இரவில், ஓடுதளத்துக்கு முன்பே தரையில் மோதின. போயிங்கில் வேலை பார்த்த உளவியலாளர் கான்ராட் கிராஃப்ட் ஒரு சிமுலேட்டர் கட்டினார். இருட்டான நிலத்துக்கு அப்பால் விளக்கு எரியும் ஒரு மாதிரி நகரம். ஓடுதளம் அதன் இந்தப் பக்கம். அனுபவம் மிக்க விமானிகளை உயரமானி இல்லாமல் கண்ணால் மட்டும் பார்த்து இறங்கச் சொன்னார். பெரும்பாலோர் தாங்கள் சரியான உயரத்தில் வருவதாக நம்பிக்கொண்டே, தரையில் மோதும் பாதையில் வந்தார்கள். நடுவில் ஒன்றுமில்லாத இருட்டில், நகரம் கண்ணில் விழும் கோணம் மாறாதபடி ஓட்டினால், பாதை கீழ்நோக்கிய வில்லாக வளைந்துவிடுகிறது. நிஜத்தில் செத்தவர்கள் சொல்ல முடியாததை, அறைக்குள் உட்கார்ந்திருந்த ஒரு பொய் வானம் சொன்னது. கடலின் மேலோ உப்பளத்தின் மேலோ இரவில் இறங்க வரும் எவரும் கிராஃப்ட்டுக்குக் கடன்பட்டவர்கள்.

இந்தியாவில் வணிக விமானி உரிமம் வாங்க 200 மணி நேரம் பறந்திருக்க வேண்டும் என்பது விதி. வீட்டுக் கணினியில் ஓட்டியது ஆயிரம் மணி நேரமானாலும் அதில் ஒரு நிமிடம்கூடக் கணக்கில் சேராது. தூத்துக்குடியிலோ திருச்செந்தூரிலோ ஒரு மாணவி இந்தக் கனவோடு திரை முன் உட்கார்ந்திருந்தால், நான் அவளுக்குச் சொல்வது இதுதான். மலிவானதானாலும் ரட்டர் பெடல் ஒன்றை வாங்கிவிடு. கருவிப் பலகையை மறைத்துவிட்டு, அடிவானத்தை மட்டும் பார்த்து, உயரம் மாறாமல் பறக்கப் பாதிநேரம் செலவழி. மீதிநேரம் வெளியே மேகத்தைப் போட்டுவிட்டு, ஒரு கருவியைப் பழுதாக்கி, எது பொய் என்று தேடு. ஸ்பிரிங் கோல் கற்றுக்கொடுத்த ட்ரிம் பழக்கத்தை நிஜ விமானத்தின் முதல் நாளிலேயே பயிற்றுநரிடம் சொல்லிவிடு, அவர் திருத்துவார்.

உரிமத்துக்கான விதியில் கருவிப் பறப்பு 20 மணி நேரம் என்று ஒரு பகுதி இருக்கிறது. அதில் அதிகபட்சம் 10 மணி நேரத்தை அங்கீகரிக்கப்பட்ட சிமுலேட்டரில் கழிக்கலாம். அந்தப் பத்தில் அவள் மற்றவர்களைவிட வேகமாகப் போவாள். முள்வரிசை அவள் கண்ணுக்கு மனப்பாடம். மீதியை ஆகாயத்தில்தான் செய்தாக வேண்டும். கண்ணுக்கு மறைப்புப் போட்டு, பக்கத்தில் பயிற்றுநர் உட்கார்ந்திருக்க, கச்சானில் குலுங்கும் விமானத்தில் முதல் திருப்பத்தை முடித்து நிமிரும்போது, மேசை முன்னால் ஒருநாளும் வாய் திறக்காத காது அவளிடம் முதன்முறையாக "சாய்கிறோம்" என்று சொல்லும். அவள் சாய்வுகாட்டியைப் பார்த்து, மாற்றுக்கருவியைப் பார்த்து, கோலை அசைக்காமல் பிடித்துக்கொள்ள வேண்டும்.